திரையில் உறைந்த முகம்: மேடைக் காணொளியை எப்படித் தயார் செய்வது?

ஈப்போவுக்கு வெளியே ஒரு சமூக மண்டபம். ஒரு காலத்தில் ஒரே தோட்டத்தில் பால்மரம் சீவி, பிறகு பல தாமான்களுக்குச் சிதறிப்போன குடும்பங்களின் ஒன்றுகூடல் இரவு. மேடையில் உறுமி மேளம் முழங்குகிறது. பின்னால் பெரிய வெள்ளைத் திரை. லயத்து வீடுகள், பெரட்டுக் களம், மாரியம்மன் திருவிழா, பலகையால் கட்டிய பழைய பள்ளிக்கூடம் என்று அந்தக் கால வீடியோ காட்சிகள் தாளத்துக்கு ஏற்ப மாறி மாறி வருகின்றன. மேடையோரத்தில் மடிக்கணினியின் முன் உட்கார்ந்து அவற்றை இயக்கிக்கொண்டிருந்தவர் படிவம் 6 மாணவர் ஒருவர்.

மேளம் உச்சத்தைத் தொட்ட நேரத்தில் அவர் மூன்று காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்தார். படம் திக்கியது. இரண்டு முறை துள்ளியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. தலையில் துண்டு கட்டி, தோளில் காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்து நடந்துவரும் ஒரு பெண்மணியின் முகம் பாதி தெளிவாகவும் பாதி கட்டம் கட்டமாகவும் திரையில் உறைந்திருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, "தம்பி, அது எங்கம்மா. கொஞ்சம் நடக்க விடேன்யா" என்றார்.

கணினி பழசு என்றார்கள் சிலர். கோப்பு கெட்டுவிட்டது என்றார்கள் வேறு சிலர். மறுநாள் அதே கோப்பை அதே மடிக்கணினியில் தனியாக ஓட்டிப் பார்த்தோம். எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடியது. கணினியும் கெடவில்லை, கோப்பும் கெடவில்லை. கோப்பு மூட்டை கட்டப்பட்டிருந்த விதம்தான் மேடை வேலைக்குப் பொருந்தவில்லை.

மாணவர்களே, ஈப்போ உங்கு ஒமார் பாலிடெக்னிக், கம்பார் உத்தார், தஞ்சோங் மாலிம் உப்சி என்று நீங்கள் எங்கே படித்தாலும், என்றாவது ஒரு கலை இரவில் அந்த மடிக்கணினியின் முன் உட்கார நேரலாம். அன்று உங்கள் திரை உறையாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதலில், தாத்தா காலத்துப் படக்காட்சியிலிருந்து தொடங்குவோம்.

திடலில் ஓடிய சுருள்

தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டி, பாய் விரித்து உட்கார்ந்து படம் பார்த்த இரவுகளைப் பற்றிச் சொல்வார்கள். தகவல் இலாகாவின் வண்டி ஜெனரேட்டரோடு தோட்டத்துக்குள் வரும். 1946-இல் தொடங்கப்பட்ட மலாயன் பிலிம் யூனிட் தயாரித்த குறும்படங்கள் தமிழ்க் குரலோடும் காட்டப்பட்டன.

அந்த வண்டிகளில் வந்தவை பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் சுருள்கள். ஒரு நொடிக்கு 24 படங்கள் விளக்கின் முன் நின்று நகரும். 400 அடி நீளமுள்ள ஒரு சுருளில் சுமார் 16,000 படங்கள் இருக்கும். அது ஓடி முடிய 11 நிமிடம் ஆகும். அந்த ஒவ்வொரு படத்தையும் நாம் பிரேம் என்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சுருளில் உள்ள 16,000 பிரேம்களும் தனித்தனி முழுப் படங்கள். எந்த இடத்தில் வெட்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாலும் ஒரு முழு உருவம் தெரியும். சுருள் அறுந்துபோனால், ஓட்டுபவர் நைந்த நான்கைந்து பிரேம்களை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டிவிடுவார். திரையில் ஒரு சின்னத் துள்ளல், அவ்வளவுதான். மீதிப் படத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பிரேம் இன்னொரு பிரேமை நம்பி இருந்ததில்லை.

உங்கள் கைப்பேசியில் உள்ள காணொளி அப்படிப்பட்டது இல்லை.

சிக்கனத்தின் விலை

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1080 தரத்தில் ஒரு பிரேம் என்றால் 1920 பெருக்கல் 1080, அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். ஆக ஒரு பிரேமுக்கு 6.2 எம்.பி. நொடிக்கு 30 பிரேம் என்றால் நொடிக்குச் சுமார் 186 எம்.பி. ஒரு நிமிடத்துக்கு 11 ஜி.பி.க்கு மேல். இதை அப்படியே சேமித்தால் உங்கள் கைப்பேசி சில நிமிடங்களில் நிரம்பிவிடும்.

ஆனால் கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளி சுமார் 100 அல்லது 150 எம்.பி.தான் வருகிறது. மீதி எங்கே போனது? அதைச் சுருக்குவதுதான் கோடெக் என்ற முறையின் வேலை. இன்று மிகப் பரவலாக இருப்பது 2003-இல் தரநிலையாக வந்த எச்.264. எம்.பி.4 என்பது வெறும் பெட்டி. பெட்டிக்குள் படங்களை மடித்து வைத்திருக்கும் முறைதான் எச்.264. இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள். கோப்பின் பெயரில் எம்.பி.4 என்று இருப்பதை வைத்து மட்டும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

எச்.264 எப்படிச் சிக்கனம் செய்கிறது? அது எல்லா பிரேம்களையும் முழுதாக எழுதுவதில்லை. முதலில் ஒரு முழுப் படத்தை வைக்கிறது. இதை முதன்மை பிரேம் என்போம். அடுத்து வருபவற்றில், "முந்திய படத்தில் இருந்த அதே மரம், அதே வானம், பெண்மணி மட்டும் இரண்டு அடி முன்னால் வந்திருக்கிறார்" என்பதுபோல மாற்றங்களை மட்டும் குறித்து வைக்கிறது. சில பிரேம்கள் தங்களுக்கு முன்னால் உள்ள படத்தையும் பின்னால் வரப்போகும் படத்தையும் சேர்த்தே சார்ந்திருக்கும்.

இலவசமாகப் பலரும் பயன்படுத்தும் எக்ஸ்264 என்ற மென்பொருளில், ஒரு முதன்மை பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 250 பிரேம்கள்வரை போகலாம் என்பது இயல்பான அமைப்பு. நொடிக்கு 25 பிரேம் என்றால் அது 10 நொடி. அந்த 10 நொடியின் நடுவில் உள்ள ஒரு பிரேமைக் கேட்டால், கணினி முந்திய முதன்மை பிரேமுக்குப் போய், அங்கிருந்து வரிசையாக விரித்துக்கொண்டே வர வேண்டும்.

வீட்டில் சோபாவில் உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்க்கும்போது இதில் எந்தச் சிரமமும் இல்லை. இன்றைய கணினிகளில் எச்.264-ஐ விரிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அதனால்தான் மறுநாள் அந்தக் கோப்பு தனியாக ஓடியது.

மேடையில் என்ன வேறுபாடு?

மேடையில் காட்சி இயக்குபவர் படத்தை நேராக ஓட்டுவதில்லை. உறுமி அடிக்கும் இடத்தில் காட்சி மாற வேண்டும். ஒரே இரண்டு நொடியைத் திரும்பத் திரும்பச் சுழலவிட வேண்டும். சில நேரம் பின்னோக்கி ஓட்ட வேண்டும். மூன்று, நான்கு காட்சிகளை அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று கலக்க வேண்டும். இதைச் செய்பவரை வி.ஜே. என்று அழைப்பார்கள். இசைக்கு டி.ஜே. எப்படியோ, திரைக்கு வி.ஜே. அப்படி.

இப்போது எச்.264 கோப்பை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் கணினி பழைய முதன்மை பிரேமைத் தேடி ஓடுகிறது. பின்னோக்கி ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம். ஒரு தொகுதி முழுவதையும் முன்னோக்கி விரித்து வைத்துக்கொண்டுதான் அதைத் திருப்பிக் காட்ட முடியும். இந்த வேலை மூன்று அடுக்குகளில் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் நேரமோ ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் முடியாவிட்டால் திரை காத்திருக்கும். அதைத்தான் நாம் திக்கல் என்கிறோம்.

கல்யாண வீட்டுச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தியில் ஆள் உட்கார்ந்த பிறகு வெங்காயம் உரிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? நல்ல சமையல்காரர் முதல் நாள் இரவே எல்லாவற்றையும் நறுக்கி வைத்துவிடுவார். நறுக்கி வைத்தால் இடம் அதிகம் பிடிக்கும், பாத்திரம் அதிகம் வேண்டும். ஆனால் பந்தி நிற்காது. மேடைக்கான கோப்பு மாற்றமும் இதே ஏற்பாடுதான்.

ஹேப்: நறுக்கி வைத்த காய்கறி

இந்தத் தேவைக்காகவே உருவான கோடெக்குகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஹேப். அமெரிக்காவின் விட்வாக்ஸ் நிறுவனம் ஆதரவு தர, டாம் பட்டர்வர்த் என்ற நிரலாளர் எழுதியது. யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலமாக வெளிவந்தது. விட்வாக்ஸ் நிறுவனமே வி.டி.எம்.எக்ஸ். என்ற மேடைக் காட்சி மென்பொருளைத் தயாரிப்பது. நெதர்லாந்தின் ரெசொலூம் நிறுவனத்துக்கும் டி.எக்ஸ்.வி. என்ற சொந்தக் கோடெக் உண்டு. இரண்டின் அடிப்படை எண்ணமும் ஒன்றுதான்.

ஹேப்பில் ஒவ்வொரு பிரேமும் முழுப் படம். திடலில் ஓடிய சுருளைப் போல, ஒன்று இன்னொன்றை நம்பி இருப்பதில்லை. எந்த பிரேமுக்கும் தாவலாம், பின்னோக்கிப் போகலாம், எல்லாவற்றுக்கும் செலவு ஒன்றே.

இன்னொரு தந்திரமும் இதில் இருக்கிறது. கணினி விளையாட்டுகளுக்காக 1990-களின் இறுதியில் வந்த ஒரு படச் சுருக்க முறையை ஹேப் எடுத்துக்கொண்டது. படத்தை 4 பெருக்கல் 4 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தின் 16 புள்ளிகளுக்கும் தனித்தனி நிறம் எழுதுவதில்லை. இரண்டு அடிப்படை நிறங்களுக்குத் தலா 16 பிட். பிறகு ஒவ்வொரு புள்ளியும் அந்த இரண்டு நிறத்துக்கும் இடையே எங்கே நிற்கிறது என்று காட்ட 2 பிட். மொத்தம் 32 கூட்டல் 32, அதாவது 64 பிட். ஒரு புள்ளிக்கு 4 பிட் மட்டுமே.

இந்த வடிவத்தைக் கணினியின் கிராஃபிக்ஸ் சில்லு அப்படியே புரிந்துகொள்ளும். மையச் செயலி உட்கார்ந்து விரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மேலே சுற்றியிருக்கும் ஓர் எளிய சுருக்கத்தை மட்டும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டால் போதும். மீதி வேலையைக் கிராஃபிக்ஸ் சில்லு பார்த்துக்கொள்ளும். அதனால்தான் சுமாரான மடிக்கணினியிலும் பல அடுக்குகள் ஓடுகின்றன.

ஹேப்பில் சில வகைகள் உண்டு. சாதாரண ஹேப் மிக இலேசானது. ஆனால் மாலை வானம், சாம்பிராணிப் புகை போன்று நிறம் மெல்ல மெல்ல மாறும் இடங்களில் பட்டை பட்டையாகத் தெரியலாம். அத்தகைய காட்சிக்கு ஹேப் கியூ நல்லது, கோப்பு பெரிதாகும். பின்னணி இல்லாத கோலம், தீபம், எழுத்து போன்றவற்றை மற்றக் காட்சிகளின்மேல் மிதக்கவிட வேண்டுமானால் ஹேப் ஆல்ஃபா வேண்டும்.

பெரிய கோப்பு, வேகமான வட்டு

நறுக்கிய காய்கறிக்குப் பாத்திரம் வேண்டும் என்றோமே, அந்தக் கணக்கு இது. 1080 தரம், நொடிக்கு 30 பிரேம் என்றால் சாதாரண ஹேப் நொடிக்கு அதிகபட்சம் 31 எம்.பி. எடுக்கும். ஹேப் கியூ அதைப்போல் இரு மடங்கு, சுமார் 62 எம்.பி. பத்து நிமிடக் காட்சிகளை ஹேப்பில் மாற்றினால் 18 ஜி.பி.க்கு மேல் போகலாம்.

இங்கே சுமை செயலியிலிருந்து வட்டுக்கு மாறுகிறது. பழைய யு.எஸ்.பி. 2.0 தம்ப் டிரைவ் நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 எம்.பி.க்கு மேல் தருவது அரிது. அதில் ஓர் அடுக்கே மூச்சு வாங்கும். பழைய சுழலும் வன்வட்டு சுமார் 100 எம்.பி. தரும். சாதாரண ஹேப்பில் மூன்று அடுக்கு என்றால் 93 எம்.பி., விளிம்பில்தான் நிற்கும். எஸ்.எஸ்.டி. வட்டாக இருந்தால் 500 எம்.பி.க்கு அருகில் கிடைக்கும், கவலை இல்லை. ஆகவே மேடைக் காட்சிகளைத் தம்ப் டிரைவிலிருந்து நேராக ஓட்டாதீர்கள். மடிக்கணினியின் உள்வட்டுக்குப் படியெடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

செய்முறை, படிப்படியாக

முதல் படி, மூலத்தைத் தேடுங்கள். வாட்சாப்பில் காணொளியாக அனுப்பினால் அது மறுபடியும் சுருக்கப்படும், விவரம் போய்விடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது தம்ப் டிரைவில் வாங்குங்கள்.

இரண்டாவது, கோப்பைப் பரிசோதியுங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்தால் கோடெக், அளவு, பிரேம் வேகம் எல்லாம் தெரியும். பிரேம் வேகம் மாறும் தன்மையுடையது என்று காட்டினால் கவனம் தேவை. கைப்பேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மாற்றும்போது அதை ஒரே சீரான வேகமாக ஆக்குங்கள்.

மூன்றாவது, பழைய நாடாவா என்று பாருங்கள். நம் நாட்டில் இருந்தது பால் முறை. நொடிக்கு 25 பிரேம், ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாகப் பின்னப்பட்டிருக்கும். இதைக் கணினியில் அப்படியே காட்டினால், கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். மாற்றும்போது இந்தப் பின்னலைப் பிரிக்கும் வடிகட்டியைச் சேர்க்க வேண்டும்.

நான்காவது, அளவு. ஹேப் 4 பெருக்கல் 4 கட்டங்களால் ஆனது, ஆகவே அகலமும் உயரமும் 4-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 1920, 1080 இரண்டும் வகுபடும். 854 பெருக்கல் 480 என்ற அளவில் 854 வகுபடாது, அதை 852 அல்லது 856 ஆக்குங்கள். பால் டிவிடி 720 பெருக்கல் 576 என்று இருக்கும். அதன் புள்ளிகள் சதுரமானவை அல்ல. 768 பெருக்கல் 576 ஆக மாற்றினால்தான் முகங்கள் ஒடுங்காமல் இயல்பாகத் தெரியும்.

ஐந்தாவது, தேவையானதை மட்டும் வெட்டுங்கள். ஒரு மணி நேரத் திருமண வீடியோவில் உங்களுக்கு வேண்டியது 12 நொடி என்றால், அந்த 12 நொடியை மட்டும் மாற்றுங்கள். ஒலி தேவையில்லாத காட்சிகளில் ஒலித்தடத்தை நீக்கிவிடுங்கள்.

ஆறாவது, மாற்றுங்கள். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருள் 2000-ஆம் ஆண்டு ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஹேப் எழுதும். கட்டளை வரியில் வேலை செய்ய வேண்டும். எந்தக் கோப்பு, எந்த அளவு, எந்த பிரேம் வேகம், எந்தக் கோடெக், புதிய கோப்பின் பெயர் என்ன என்ற ஐந்தையும் ஒரு வரியில் எழுதப் பழகிவிட்டால், நூறு கோப்புகளை இரவோடு இரவாக மாற்றலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு விட்வாக்ஸின் இலவச ஏ.வி.எஃப். பேட்ச் கன்வர்ட்டர் இருக்கிறது. ரெசொலூமில் நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தால், அதே நிறுவனத்தின் இலவச ஆலி செயலியில் டி.எக்ஸ்.வி.க்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஏழாவது, மண்டபத்தில் ஒத்திகை பாருங்கள். பெரும்பாலான புரொஜெக்டர்கள் நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். 30 பிரேம் காட்சி என்றால் ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு முறை வரும். 25 பிரேம் காட்சி என்றால் சில பிரேம்கள் இரண்டு முறையும் சில மூன்று முறையும் வந்து நடை நொண்டும். பழைய நாடாக் காட்சிகளே அதிகம் என்றால், கணினியின் திரை அமைப்பில் 50 இருக்கிறதா என்று பாருங்கள். புரொஜெக்டர் ஏற்றுக்கொண்டால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அன்று பயன்படுத்தப்போகும் அதே மடிக்கணினி, அதே கேபிள், அதே புரொஜெக்டர், மின்கம்பி செருகிய நிலை, இந்த நான்கும் இல்லாமல் செய்யும் ஒத்திகை அரை ஒத்திகைதான்.

இதெல்லாம் எப்போது தேவையில்லை? தலைமையாசிரியர் உரைக்கு முன் ஒரே ஒரு காணொளியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓட்டுவதாக இருந்தால், எச்.264 போதும். மாற்றுவதற்குச் செலவிடும் நேரத்தை ஒத்திகைக்குச் செலவிடுங்கள். இணையத்தில் ஏற்றுவதற்கும் நண்பர்களுக்கு அனுப்புவதற்கும் ஹேப் ஏற்றதல்ல. ஒவ்வொரு வேலைக்கும் அதற்கேற்ற மூட்டை.

அந்த இரவுக்குத் திரும்புவோம்

அந்த மாணவரின் கோப்புகளை மீடியாஇன்ஃபோவில் திறந்தபோது காரணம் தெரிந்தது. பழைய நாடாவிலிருந்து எடுத்த காட்சிகளை, தரம் கூடும் என்ற நல்லெண்ணத்தில் யாரோ 4கே அளவுக்குப் பெரிதாக்கி எச்.264-இல் கொடுத்திருந்தார்கள். நாடாவில் இல்லாத விவரம் பெரிதாக்குவதால் வந்துவிடாது. ஆனால் கணினி விரிக்க வேண்டிய புள்ளிகள் மட்டும் ஏறத்தாழ 19 மடங்கு கூடியிருந்தன. அப்படி மூன்று கோப்புகளை ஒன்றாக ஓட்டச் சொன்னோம்.

நாடாவிலிருந்து முதலில் எடுத்த கோப்பை அந்தக் குடும்பத்திடம் கேட்டு வாங்கி, பின்னலைப் பிரித்து, 768 பெருக்கல் 576 அளவில், 25 பிரேம் வேகத்தில் ஹேப்பாக மாற்றினோம். ஒரு காட்சிக்கு நொடிக்கு 5.5 எம்.பி.தான். மூன்றும் சேர்ந்து 17 எம்.பி. கூட இல்லை. அதே பழைய மடிக்கணினி, அதே மென்பொருள். மூன்று அடுக்கும் முன்னும் பின்னும் ஓடின. அந்தப் பெண்மணி தோளில் வாளிகளோடு திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து போனார். புதிய கணினி வாங்க ஒரு ரிங்கிட்கூடத் தேவைப்படவில்லை.

மூலத்தை அழிக்காதீர்கள்

முடிப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஹேப் கோப்பு மேடைக்கானது, பாதுகாப்புக்கானது அல்ல. மாற்றும்போது ஓரளவு விவரம் போகத்தான் செய்யும். வட்டில் இடமில்லை என்று மூலக் கோப்பை அழித்துவிட்டு ஹேப்பை மட்டும் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மேடை முடிந்த மறுநாள் அழிக்க வேண்டியது ஹேப் கோப்புகளைத்தான். மூலம் இருந்தால் அவற்றை எப்போது வேண்டுமானாலும் மறுபடி செய்துகொள்ளலாம்.

பேராக்கில் இது வெறும் தொழில்நுட்ப அறிவுரை இல்லை. ரப்பர் போய் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன. பள்ளிகள் இடம் மாறின. பல தோட்டங்களுக்கு எஞ்சியிருப்பது யாரோ ஒருவரின் அலமாரியில் இருக்கும் ஒரு திருமண நாடா, ஒரு திருவிழா நாடா மட்டுமே. நம் ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். அதை ஓட்டும் கருவியும் அரிதாகிவிட்டது. வி.எச்.எஸ். கருவிகளைக் கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

ஆகவே ஒரு சின்ன வீட்டுப்பாடம். இந்தப் பள்ளி விடுமுறையில் பாட்டி வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். நாடா இருந்தால், சுத்தம் செய்து கணினிக்கு மாற்றத் தெரிந்த கடையில் கொடுங்கள். கிடைக்கும் கோப்பை இரண்டு வட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பெரியவர்களிடம் கேட்டுக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். அதற்குப் பிறகு ஒரு படி எடுத்து, ஹேப்பாக மாற்றி, மேடையில் உங்கள் விருப்பம்போல் ஆடவிடுங்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குக் கோடெக் என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. அவருடைய அம்மா தடுக்காமல் நடந்தால் போதும். அதற்கான வேலையை முதல் நாள் இரவே முடித்து வைத்திருக்க வேண்டியவர் நீங்கள்.